மூன்று ஹாஃபுக்கு ஏழு பேர்

தோட்டத்தில் மூன்று பதவிகளை யாரும் தானாக விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. ஒன்று சங்கத் தலைவர். இன்னொன்று மாரியம்மன் கோயில் கமிட்டிப் பொருளாளர். மூன்றாவது, புட்போல் டீமில் சென்டர் ஹாஃப். முதல் இரண்டிலும் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். சென்டர் ஹாஃபுக்கு என்ன மிஞ்சுகிறது? கோல் போட்டால் போர்வட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்தைச் சுற்றி வருவார்கள். கோல் வாங்கினால், கோல்கீப்பரைக்கூட விட்டுவிட்டு, "ஹாஃப் எங்கடா போனான்?" என்று தேடுவார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் 2023 ஜூலையில் எங்கள் தோட்டத்துப் பையன்கள் முட்டி மோதிக்கொண்டார்கள். செலக்ஷன் கமிட்டிச் செயலாளர் என்ற முறையில் மினிட்ஸ் புத்தகம் என் கையில் இருந்தது. அதில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அந்த வருசம், மலையகத்தார் இந்தத் தீவுக்கு வந்து 200 வருசம் என்று எங்கு பார்த்தாலும் ஏதோ ஒரு நிகழ்ச்சி. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே போனார்கள். ஊருக்கு ஊர் கண்காட்சி வைத்தார்கள், கூட்டம் போட்டார்கள். பசறைப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர்கள் கிண்ணம் வைத்தார்கள். தோட்டங்களுக்கிடையிலான உதைபந்தாட்டம், செப்டெம்பர் முதல் ஞாயிறு.

அப்போது பிபா இலங்கையைத் தடை செய்து வைத்திருந்தது. 2023 ஜனவரியில் போட்ட தடையை ஆகஸ்ட் கடைசியில்தான் எடுத்தார்கள். 1939 இல் சம்மேளனம் அமைத்து, 1952 இல் பிபாவில் சேர்ந்து, 1995 இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணம் தூக்கிய நாடு, ஏழு மாதம் வேறெந்த நாட்டோடும் பந்து உதைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது. அந்த ஏழு மாதமும் எங்கள் கிறவுண்டில் பந்து நிற்கவில்லை. சூரிச்சில் இருப்பவர்களுக்குத் தகவல் போகவில்லை போலிருக்கிறது. போயிருந்தால் கிறவுண்டைப் பார்த்தே எங்களுக்குத் தனியாக ஒரு தடை போட்டிருப்பார்கள்.

ஊவாவில் சமதரை என்று ஒன்று இருந்தால் அதில் துரை பங்களா இருக்கும், இல்லாவிட்டால் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோர் இருக்கும். இரண்டுக்கும் ஆகாது என்று விட்ட நிலம்தான் தொழிலாளியின் விளையாட்டு மைதானம். எங்களுடையது நமுனுகுலை மலையைப் பார்த்தபடி ஒரு சரிவில் கிடக்கிறது. அந்த மலை 2,036 மீற்றர். மேல் கோலுக்கும் கீழ் கோலுக்கும் நடுவில் ஓர் ஆள் உயர வித்தியாசம் இருப்பதால் டொஸ் வென்றவன் யோசிப்பதே இல்லை. இடது பக்கம் தேயிலை ஏறிப் போகிறது. வலது பக்கம் தேயிலை இறங்கிப் போகிறது. இறங்கி, கானைத் தாண்டி, கீழ்க் கணக்கு லயத்தின் கோழிக்கூடு வரைக்கும் போகிறது. பந்துக்கும் அதுதான் வழி.

அதனால் எங்கள் தோட்டத்தில் ஹாஃபுக்கு, உலகத்தில் எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத ஒரு கடமை உண்டு. வெளியே போன பந்தை எடுத்து வருவது அவன் வேலை. போர்வட் போகமாட்டான், அவன் கோல் போடப் பிறந்தவன். பேக் போனால் கோல் திறந்து கிடக்கும். நடுவில் நிற்பவன்தானே சும்மா நிற்கிறான், அவன் போகட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அது மாறவில்லை.

இதில் கச்சான் காத்து வேறு. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை வீசுகிற அந்த வறண்ட காத்துதான் ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர் போன மணத்தைக் கொடுக்கிறது. கொழும்பு ஏலத்தில் எங்கள் தேயிலைக்கு விலை ஏறுவதும் அந்த மாசங்களில்தான். தேயிலைக்கு நல்லது, பந்துக்கு ஆகாது. கீழ்க் கோல்கீப்பர் உதைக்கிற பந்து மேலே போகும், நின்று யோசிக்கும், பிறகு அவர் கைக்கே திரும்பி வரும். அந்த மூன்று மாசமும் எங்கள் கோல்கீப்பர்கள் தங்களோடு தாங்களே விளையாடுவார்கள்.

ஹாஃப் ஏன் மூன்று என்று கேட்கலாம். அதற்குக் கோச் மாமாதான் பதில் சொல்ல வேண்டும். மனுசன் ஸ்டோரில் அடுப்புப் போட்டு ஓய்வுபெற்றவர், வயது அறுபதைத் தாண்டியாயிற்று. தகப்பன் சொல்லிக்கொடுத்த ஆட்டத்தைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். தகப்பனுக்கு யாரோ ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரை சொல்லிக்கொடுத்தாராம். அந்தக் காலத் துரைமாருக்கு ரக்பிதான் உயிர். டிக்கோயா, டிம்புளை, ஊவா என்று கிளப் வைத்துச் சேற்றில் புரண்டார்கள். புட்போலுக்கு ஒரு பந்து இருந்தால் போதும் என்பதால் அது லயத்துக்கு வந்தது. வந்தபோது 2-3-5 ஆக வந்தது. இரண்டு பேக், மூன்று ஹாஃப், ஐந்து போர்வட். 1925 இல் ஓஃப்சைட் விதியை மாற்றினார்கள். அதன் பிறகு ஆர்சனலில் ஹெர்பர்ட் சப்மன் சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து இரண்டு பேக்குக்கு நடுவில் நிறுத்தினார். உலகமே மாறியது. அந்தச் செய்தி இன்னும் பசறை வளைவுகளில் ஏறி எங்கள் தோட்டத்துக்கு வந்து சேரவில்லை.

"நாலு நாலு ரெண்டுன்னு டிவியில ஆடுறானுங்களே மாமா" என்று ஏ.எல். படிக்கிற பையன் ஒருநாள் கேட்டான்.

"அப்ப மிச்ச மூணு போர்வட்டுக்கும் நான் என்னா பதில் சொல்றது? அதுல ரெண்டு பேரு என் மச்சினன் மகனுங்க" என்றார் மாமா. அதோடு அந்த விவாதம் முடிந்தது. 2-3-5 வெறும் ஆட்ட அமைப்பு இல்லை, குடும்ப அமைப்பு என்பது எனக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது.

போர்வட் ஐந்தும் அப்படி உறவுமுறையில் நிரம்பிவிட்டன. பேக் இரண்டுக்கும் ஆள் உயரத்தைப் பார்த்து முடிவாயிற்று. கோல்கீப்பர், கையுறை வைத்திருந்த ஒரே ஆள். ஆகவே போட்டி முழுவதும் அந்த மூன்று ஹாஃப் இடங்களில்தான் வந்து குவிந்தது. ரைட் ஹாஃபுக்கு 4 ஆம் நம்பர், சென்டருக்கு 5, லெப்டுக்கு 6. ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள்.

கங்காணி மகன் முதல் ஆள். பந்து வருமுன்னே "எனக்கு விடு, எனக்கு விடு" என்று கத்துவான். வந்த பிறகு யாருக்காவது விட்டுவிடுவான். மலையில் வேலை வாங்கும் பரம்பரை, குரல் நன்றாக இருந்தது. அடுத்தவன் ஸ்டோர்த் தம்பி. ராத்திரி முழுக்க ரோலரோடு மல்லுக்கட்டிவிட்டுப் பின்னேரம் பயிற்சிக்கு வருவான். நின்றால் தூங்கிவிடுவான் என்பதால் ஓடிக்கொண்டே இருப்பான். அதுவே அவனுக்குப் பெரிய தகுதியாகிவிட்டது. ஆட்டோத் தம்பிக்குக் காலில் திறமை இருந்தது, பொக்கெட்டில் போன் இருந்தது. பந்தைக் கடைந்துகொண்டு போகிறபோதே போன் அடிக்கும். "பசறைக்கா? அஞ்சு நிமிசத்துல வாறேன்" என்று அப்படியே வெளியே போய்விடுவான். ஏ.எல். பையனுக்கு எல்லா விதியும் தெரியும், கால்தான் இடது வலது தெரியாது. கீழ்க் கணக்கு இரட்டையர் இரண்டு பேர். கடைசியாக ஒரு மச்சான், மூன்று பிள்ளைகளின் தகப்பன், வயது முப்பத்தெட்டு. பத்து வருசத்துக்கு மேலாக ரைட் ஹாஃப் இடத்தில் இருப்பவர். அவர் போட்டியிட வரவில்லை. தன் இடத்துக்கு ஏன் போட்டி வைக்கிறீர்கள் என்று கேட்க வந்தவர், அப்படியே தங்கிவிட்டார்.

இந்த நேரம் பார்த்து, கத்தாரில் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்யும் என் அக்கா மகன் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். அமெரிக்கன் புட்போல் பயிற்சி முகாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், அதற்குப் பெயர் புட்போல். அது கிடக்கட்டும். முன்வரிசையில் மலை மலையான ஆட்கள் குனிந்து நிற்க, அவர்களுக்குப் பின்னால் மூன்று பேர் எதிராளியின் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். லைன்பேக்கர்கள். எதிராளி பந்தோடு ஓடி வந்தால் விழுத்த வேண்டும், பந்தை எறிந்தால் பின்னால் ஓடி மறிக்க வேண்டும். இரண்டு வேலைக்கும் திட்டு வாங்குவது அவர்கள்தான். எனக்கு உடனே எங்கள் ஹாஃப்காரர்கள் ஞாபகம் வந்தார்கள். அந்த மூன்று பேருக்கும் பட்டப்பெயர் உண்டாம்: சாம், மைக், வில். நடுவில் நிற்கிற மைக்தான் மற்றவர்களுக்குச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொடுப்பவன். கோச் மாமாவிடம் காட்டினேன். "நடுவுல நிக்கிறவன் மைக்கா? சரியாத்தான் வச்சிருக்கானுங்க, கங்காணி மகனைப் போடலாம்" என்றார்.

ஆனால் அந்த வீடியோவில் என்னை உலுக்கியது வேறு. அங்கே ஒரு டீம் முகாமுக்கு 90 பேரை எடுக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் 53 பேரை வைத்துக்கொண்டு மிச்சப் பேரை வீட்டுக்கு அனுப்புகிறது. மொத்தம் 32 டீம். கணக்குப் போட்டால் ஆயிரம் பேருக்கு மேல் சில நாட்களுக்குள் மூட்டை கட்டுகிறார்கள். அந்தச் செய்தியைச் சொல்ல வருகிற ஆளுக்கு 'டர்க்' என்று ஒரு பட்டம். கோச் கூப்பிடுறார், பிளேபுக்கையும் எடுத்துக்கொண்டு வா என்பானாம், விசயம் விளங்கிவிடுமாம்.

எங்கள் தோட்டத்தில் ஒருத்தனை டீமிலிருந்து எடுத்துப் பாருங்கள். அவனுடைய அம்மா, அத்தை, ஆத்தா மூன்று பேரும் விடிகாலையில் உங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார்கள். ஏன் எடுத்தாய் என்று கேட்கக்கூட மாட்டார்கள். "மாஸ்டர் வீட்டுல நாங்க என்னைக்காச்சும் ஒரு சுடுசொல் சொல்லிருக்கமா?" என்றுதான் தொடங்குவார்கள். அதற்கு அமெரிக்காவில் எந்த டர்க்கிடமும் பதில் இருக்காது.

பயிற்சிக்கு வருகிறவர்களைப் பதிய ஒரு புத்தகம் போட்டோம். தோட்டத்துச் செக்ரோல் மாதிரியே வையுங்கள் என்றார் மாமா. ஒரு மணி நேரம் முழுசாக ஓடினால் ஒரு பேர். பந்தெடுக்கக் கீழே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் அரைப்பேர். ஆட்டோத் தம்பிக்கு அந்த மாசம் முழுக்க அரைப்பேர்தான் விழுந்தது. தோட்டத்தில் ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்; அப்போது அது ஆயிரம் ரூபாய். 2021 இல் ஆயிரமான சம்பளம், அதற்கடுத்த வருசம் அரிசி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் இரண்டு மூன்று மடங்கு ஏறிய பிறகும் ஆயிரமாகவே நின்றது. ஒரு சோடி பூட்ஸ் ஒரு வாரப் பேரை விழுங்கும். ஏழு பேருக்கும் நடுவில் நாலு சோடிதான் இருந்தன. பூட்ஸ் மாறி மாறிக் காலேறியது. இதில் சைஸ் பார்ப்பது ஆடம்பரம். மச்சான் மட்டும் வெறுங்காலில் ஆடினார். அவர் காலைப் பார்த்தால் பூட்ஸ்தான் பயப்படும்.

ஆகஸ்டில் ஒருநாள் மாமா புதுச் சோதனை வைத்தார். கிறவுண்டிலிருந்து கோயில் படிவரை, நேர் ஏத்தம், மூன்று தரம் ஏறி இறங்க வேண்டும். பின்னேரக் கொழுந்து நிறுத்துகிற நேரம். ஏழு பேரும் முதல் ஏத்தத்தின் பாதியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்போது பெரியம்மா ஒருவர், இடுப்பில் படங்கு, முதுகில் நிறைந்த கொழுந்து, வாயில் வெற்றிலை, ஏழு பேரையும் ஒவ்வொருவராகத் தாண்டி மேலே போனார். போகிற போக்கில் நின்றுகூடப் பார்க்கவில்லை.

"என்னா தம்பிங்களா, சும்மா ஏறுறதுக்கே இப்புடி மூச்சு வாங்குதே?"

மாமாவுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்துவிட்டது. "ஏத்தா, நீ வந்து ஹாஃபுல நில்லேன்" என்றார்.

பெரியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திரும்பினார். "நாங்க பந்தாட வந்துட்டா கொழுந்த யாரு எடுக்கிறது? நீங்களா?"

அதை மினிட்ஸில் எழுதவில்லை. 'உடற்தகுதிச் சோதனை திருப்திகரமாக நடைபெற்றது' என்று எழுதினேன்.

அடுத்த கிழமை பந்து போனது. கிறவுண்டுக்கு மேலே உள்ள மலையை அப்போதுதான் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். கவ்வாத்து வெட்டின தேயிலையை நீங்கள் கிட்டப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். சாய்வாகச் சீவின கொம்புகள், ஒவ்வொன்றும் கத்தி முனை, வெட்டுவாயில் இன்னும் ஈரம். கங்காணி மகன் உதைத்த பந்து அதில் போய் இறங்கியது. நாங்கள் எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டோம். அவசரமில்லாமல், நீளமாக, ஒரு பெருமூச்சு. இரட்டையரில் ஒருவன் ஓடிப்போய், தோலாகிப் போன பந்தைக் கொம்பிலிருந்து பிடுங்கி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். மாமா தொப்பியைக் கழற்றினார். காசு சேர்த்து, பதுளைக் கடைவீதியில் ஒரு பந்து வாங்கும் வரை நாலு நாள், ஹாஃப்காரர்களுக்குப் பந்தில்லாப் பயிற்சி நடந்தது. அந்த நாலு நாளும் யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை.

புதுப் பந்தோடு குளவி வந்தது. மச்சான் வெறுங்காலால் அடித்த அடி, எல்லையில் நிற்கிற டர்பன்டைன் மரத்தில் பட்டது. மரத்தில் கூடு இருந்தது. குளவி கொட்டுவது தோட்டத்தில் சிரிக்கிற விசயம் இல்லை. கொழுந்தெடுக்கப் போனவர்கள் அதில் செத்திருக்கிறார்கள். அதனால் யாரும் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. ஒரு மாசமாகப் பயிற்சியில் நாங்கள் தேடிய வேகம் முழுவதும் அந்த ஒரு நிமிசத்தில் வெளிப்பட்டது. ஏ.எல். பையன் காலில் இடது வலது குழப்பம் தீர்ந்தது. ஆட்டோத் தம்பி போன் அடித்தும் எடுக்கவில்லை. ஆனால் பிள்ளைக் காம்பராக் கதவை முதலில் தொட்டவர், ஏழு பேரையும் முந்திக்கொண்டு வந்த கோச் மாமாதான். மூன்று பேர் டிஸ்பென்சரியில் ஊசி போட்டுக்கொண்டார்கள். மறுநாள் இரட்டையரில் ஒருவனுக்கு முகம் வீங்கியிருந்தது. இரண்டு நாளைக்கு அவர்களை அடையாளம் காண முடிந்தது.

பிறகு கமிட்டி கூடியது. பதினொரு பேரைத் தெரிவு செய்ய ஏழு பேர் கமிட்டி. ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பரில். அதற்குப் பிறகு இல்லை. வாக்குப் போட ஏங்கிக் கிடக்கும் சனம் என்ன செய்யும்? சென்டர் ஹாஃபுக்கு நின்றது. மேல் கணக்குக்கு ஓர் இடம், கீழ்க் கணக்குக்கு ஓர் இடம், ஸ்டோருக்கு ஓர் இடம் என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் சங்கங்களுக்கு என்றார் இன்னொருவர். எங்கள் தோட்டத்தில் மூன்று சங்கம். ஒவ்வொரு சங்கத்துக்கும் சந்தா கட்டுகிறவர்கள் தொகையைப் பார்த்துப் பிரிக்கலாம் என்று விகிதாசார முறைவரை பேச்சுப் போனது. பந்து உதைக்கத் தெரிந்தவனுக்கு ஓர் இடம் ஒதுக்கலாமே என்று நான் சொன்னதை யாரும் ஆமோதிக்கவில்லை.

ராத்திரி பத்து மணிக்கு முடிவு வந்தது. ரைட் ஹாஃப் கங்காணி மகன். சென்டர் ஹாஃப் ஸ்டோர்த் தம்பி. இது மட்டும் ஏகமனதாக, ஏனென்றால் ஒரு நாள்கூட அவனுக்கு அரைப்பேர் விழவில்லை. லெப்ட் ஹாஃப், இரட்டையரில் ஒருவர். எந்த ஒருவர் என்று முடிவாகவில்லை. மினிட்ஸிலும் அப்படியே எழுதினேன்: 'இரட்டையரில் ஒருவர்.'

மற்றவனிடம் போய்ச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. கீழ்க் கணக்கு லயத்துக்கு இறங்கினேன். இருவரும் காம்பரா வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். வீக்கம் வடிந்திருந்தது. அம்மா தட்டில் ரொட்டியும் சம்பலும் வைத்தார், பிளேன்டீக்கு ஒரு துண்டு வெல்லம் வைத்தார். "மாஸ்டர் நல்ல சேதி இல்லாம எங்க வீட்டுக்கு இறங்கி வரமாட்டீங்களே" என்றார். ரொட்டி சூடாக இருந்தது. யாரை எடுத்திருக்கிறோம் என்று கேட்டார்கள். எல்லாரையும்தான் என்று சொல்லிவிட்டு ஏறி வந்தேன்.

செப்டெம்பர் 3, ஞாயிறு காலை. கொழும்பிலிருந்து இரவு மெயில் பதுளைக்கு வந்தது. 1924 இல் பதுளைக்கு வந்து அதோடு நின்றுபோன பாதை அது. அதற்கு மேல் பஸ்தான். அந்த ரயிலில் எங்கள் தோட்டத்துக் கொழும்புக்காரன் இறங்கினான். புறக்கோட்டையில் புடவைக்கடை ஒன்றில் வேலை. தீபாவளி, பொங்கல், சித்திரை வருசத்துக்குத்தான் வருவான். கிண்ணத்துக்கென்று லீவு போட்டு வந்திருக்கிறான் என்றால் சும்மாவா? கையில் பெரிய பை. அதில் முழு டீமுக்கும் ஜெர்சி. அவன் சொந்தக் காசு, முதலாளியும் பாதி போட்டாராம். நீல நிறம், வெள்ளைக் கோடு. பையன்கள் முகத்தோடு வைத்து மோந்து பார்த்தார்கள். 5 ஆம் நம்பர் ஜெர்சியைப் பிரித்தபோதுதான் கவனித்தோம், முதுகில் அவனுடைய பெயரும் அச்சாகியிருந்தது.

ஒன்றரை மாசம், ஏழு பேர், கவ்வாத்து, குளவி, பத்து மணிவரை கமிட்டி. எல்லாவற்றையும் ஓர் அச்சகம் தீர்த்துவைத்தது. ஜெர்சி வாங்கித் தந்தவனை வெளியே உட்கார வைக்கும் நெஞ்சுரம் எங்கள் கமிட்டிக்கு மட்டுமில்லை, எந்த நாட்டுக் கமிட்டிக்கும் கிடையாது என்பது என் அபிப்பிராயம். ஸ்டோர்த் தம்பியிடம் மாமா போய்ச் சொன்னார். ராத்திரி வேலை முடித்து நேரே வந்திருந்த அவன், "பரவால்ல மாமா" என்று சொல்லிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்து தூங்கிப்போனான்.

கிறவுண்டுக்குப் போன பிறகுதான் ஏற்பாட்டாளர்கள் மைக்கில் அறிவித்தார்கள். எதிர்பார்த்ததைவிட நிறைய டீம் வந்துவிட்டதாம், பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டுமாம். ஆகவே ஆளுக்கு ஏழு பேர், பத்துப் பத்து நிமிசம்.

ஏழு பேர் ஆட்டத்தில் 2-3-5 ஐ எப்படி ஆடுவது? மாமா தரையில் குச்சியால் கோடு போட்டார். பேக் இரண்டு, கைவைக்க முடியாது. ஹாஃப் மூன்று, இத்தனை பாடுபட்டுத் தெரிவு செய்தது, கைவைக்க முடியாது. கோல்கீப்பர் ஒன்று. மிச்சம் ஓர் இடம். ஐந்து போர்வட்டில் நாலு பேரை அழித்தார். மச்சினன் மகன்கள் இருவரும் அன்றோடு மாமாவிடம் பேச்சை நிறுத்தினார்கள். இன்றுவரை பேசவில்லை என்று கேள்வி.

ஆட்டம் பூச்சியத்துக்குப் பூச்சியம். கோல் போட ஆள் இல்லாத டீம் எப்படி ஜெயிக்கும், ஆனால் கோல் வாங்கவும் இல்லை. ஹாஃப் மூன்று பேரும் உண்மையிலேயே நன்றாக ஆடினார்கள். லெப்ட் ஹாஃப் முதல் பாதியில் ஒருவன், இரண்டாம் பாதியில் மற்றவன்; நடுவருக்குத் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை, அவர்கள் அம்மாவுக்கு மட்டும் தெரிந்தது. கொழும்புக்காரனுக்குப் பந்து வசப்பட்டது, மூச்சு வசப்படவில்லை. பிறகு பெனல்டி. கடைசி உதை அவனுடையது. பந்து கம்பத்துக்கு மேலே, கூட்டத்துக்கு மேலே, ரோட்டுக்கு மேலே போய், கீழே தேயிலைக்குள் இறங்கியது. முதல் சுற்றிலேயே வெளியே.

எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றபோது, கல்லில் தூங்கிக்கொண்டிருந்த ஸ்டோர்த் தம்பி சத்தம் கேட்டு எழுந்து, என்ன ஏதென்று கேட்காமல், பந்தை எடுக்கக் கீழே ஓடினான். பழக்கம். அரை மணி நேரம் தேடினான். பந்து கிடைக்கவில்லை. கான் வழியாக ஆற்றுக்குப் போயிருக்கும்.

அது ஏற்பாட்டாளர்களின் பந்து. மிச்ச ஆட்டங்கள் நிற்கின்றன என்று அவர்கள் வந்து நின்றார்கள். வேறு வழியில்லாமல், பதுளையில் காசு சேர்த்து வாங்கிய எங்கள் பந்தைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினோம். கொழும்புக்காரன் அன்று ராத்திரி மெயிலிலேயே திரும்பிவிட்டான். ஜெர்சிகள் எங்களிடம் இருக்கின்றன, 5 ஆம் நம்பரைத் தவிர.

வருகிற பொங்கலுக்கு இன்னொரு தோட்டத்தில் கிண்ணம் வைக்கிறார்கள். எங்கள் கமிட்டி அமைத்தாயிற்று, மினிட்ஸ் புத்தகமும் புதிதாக வாங்கியாயிற்று. ஹாஃபுக்கு இதுவரை ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மச்சானுடைய மூத்த மகனும் அதில் ஒருவன், தகப்பனும் விலகவில்லை. பந்து மட்டும் இல்லை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒரு பந்து வாங்கித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும். 5 ஆம் சைஸ், கவ்வாத்துக் கொம்பைத் தாங்குகிற தோலாக இருந்தால் இன்னும் நல்லது. தருகிறவர் விரும்பினால் சென்டர் ஹாஃப் இடத்தைப் பற்றியும் பேசலாம்.